சிமெண்ட்ல நானோ சிலிகா கலக்கப் போறீங்களா, இதையெல்லாம் பண்ணாதீங்க

சுங்கை சிப்புட் பக்கம் கோயில் மண்டபத்துக்குத் தரை போடறவங்க, வீட்டுக்குப் பின்னாடி கொட்டாய் இழுக்கறவங்கன்னு ரெண்டு மூணு பேரு நானோ சிலிகா (மணல்ல இருக்கற சிலிகாதான், கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய பொடி) போட்டா சீக்கிரம் இறுகுமாமேன்னு கேக்கறாங்க. இறுகும்தான். சிமெண்ட் தண்ணியோட சேரும்போது ஒரு பசையும் கூடவே சுண்ணாம்பும் வரும், சிலிகா அந்த சுண்ணாம்பைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் பசையா மாத்திடும், அதோட அந்தப் பொடி மேலேயே பசை வளர ஆரம்பிக்கறதால முதல் நாள்லயே பலம் வேகமா ஏறும்.

அதுக்காக அள்ளிக் கொட்டக்கூடாது. சிமெண்ட் எடையில 1லருந்து 3 சதவீதம்தான் வழக்கம், 50 கிலோ மூட்டைக்கு 2 சதவீதம்னா 1 கிலோ, அவ்ளோதான். மேல போனா பச்சைத் தண்ணியில கொட்டின மைலோ மாதிரி உருண்டை உருண்டையா கட்டி தட்டிக்கும், உள்ள இருக்கற பொடி ஒண்ணுத்துக்கும் உதவாது, அந்த இடமே பலவீனமாயிடும். காஞ்ச பொடியை கலவை மேல தூவி மம்பட்டியால பொரட்டறதும் இதே கதைதான், முதல்ல தண்ணியில நல்லா கரைச்சுக்கணும்.

திரவமா வாங்கறவங்க பண்றது வேற தப்பு. 30 சதவீத சிலிகா உள்ள திரவம்னா 1 கிலோ சிலிகாவுக்கு 3.3 கிலோ ஊத்தணும், அதுல 2.3 லிட்டர் வெறும் தண்ணி. மூட்டைக்கு 22.5 லிட்டர்னு கணக்கு போட்டவரு இதைக் கழிக்காம விட்டா 0.45 இருந்த தண்ணி விகிதம் (தண்ணி எடையை சிமெண்ட் எடையால வகுத்தது) 0.5க்கு போயிடும், காசு குடுத்து வாங்கின பலத்துல ஒரு பங்கு அங்கேயே போச்சுன்னு வச்சுக்குங்க.

இன்னொண்ணு, இந்தப் பொடி தண்ணியை இழுக்கும், கலவை கெட்டியாகும், உடனே பைப்பைத் திறந்து விடாதீங்கண்ணே, தண்ணி கூட்டாமலே கலவையை இளக்கற சூப்பர் பிளாஸ்டிசைசர் போடுங்க. இறுகறது வேகம்னா சுருங்கறதும் அதிகம், நம்ம ஊர் மத்தியான வெயில்ல வெடிப்பு விட்டுடும், அதனால காலையிலேயே போட்டு மேல்பக்கம் இறுகின உடனே ஈரச் சாக்கு, 7 நாளாவது. பொடியைக் கையாளும்போது மாஸ்க் போட்டுக்குங்க.

வெறும் காம்பவுண்டு சுவருக்கு இது தேவையே இல்லைங்கறதுதான் என் எண்ணம்.

செம்பனை மில்லு பாய்லர் சாம்பலும் இதேதான்னு நினைச்சு கோணியில அள்ளிட்டு வர்றவங்களும் உண்டு. அதுலயும் சிலிகா இருக்கு, ஆனா சலிச்சு, சுட்டு, மாவா அரைக்காத சாம்பல்ல எரியாத கரியும் பெரும் துகளும் கிடக்கும், அப்படியே போட்டா இறுகறது இன்னும் லேட்டாகும்.