முறையீடு முதலில், ஸ்தோத்திரம் அப்புறம்

ஆறுதல் சொல்ல வருபவர்களில் பலர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து, சோமனூர்ப் பக்கம் எங்கள் தறி பாவோடு அப்படியே நின்றபோது, எனக்கு வாயில் ஸ்தோத்திரம் வரவில்லை. உங்களுக்கும் வரவில்லையா? சரி, முறையீட்டில் தொடங்குங்கள்.

பைபிளில் சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பமே. சத்தமாக வாசியுங்கள். (விசைத்தறி ஓடுகிற தெருவில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, அது ஒரு வசதி.) பிறகு ஒரு நோட்டில் உங்கள் "எதுவரைக்கும்"களை எழுதுங்கள். "பணக் கஷ்டம்" என்று பொதுவாக எழுத வேண்டாம். "வெள்ளிக்கிழமை தவணைக்கு என்ன செய்வேன்" என்று எழுதுங்கள். ஐந்தாம் வசனத்தில் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வரும். அதைச் சொல்ல மனசு வராத நாளில் நாலோடு நிறுத்திக்கொள்ளலாம். 88-ஆம் சங்கீதத்தில் கடைசிவரை ஆறுதலே இல்லை. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

"என்ன பாவம் பண்ணாங்களோ" என்று யாராவது முணுமுணுப்பார்கள். யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் அதையேதான் கேட்டார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

அடுத்தது உடம்பு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டு மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதனால் சமைக்கத் தெம்பில்லாத நாளில் ஒரே குக்கரில் அரிசிம்பருப்பு வையுங்கள்: சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, அரிசியும் துவரம்பருப்பும் போட்டு இறக்கி, மேலே ஒரு கரண்டி நெய். எலியா மாதிரி சாகிற நினைப்பு உங்களுக்கும் வந்தால் ஜெபத்தோடு 14416-க்கும் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று எந்தச் சபை ஊழியர் சொன்னாலும் கேட்காதீர்கள். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

சிகிச்சையையும் ஜெபத்தையும் தனித்தனியாக வைக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரரின் மடங்கிப்போன விரல்களை நீட்டிவிடச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். கட்டை விரலில் தொடங்கி விரலுக்கு ஒரு சொல்: கர்த்தர், என், மேய்ப்பராயிருக்கிறார், நான், தாழ்ச்சியடையேன். 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் சரியாக ஐந்து விரலுக்கு வருகிறது. "மேய்ப்பராயிருக்கிறார்" நீளமான சொல், நடுவிரலுக்கு நல்ல இழுப்பு கிடைக்கும். என் வீட்டுக்காரருக்குச் சுண்டுவிரல் இன்னும் மடங்கியேதான் இருக்கிறது. அப்போஸ்தலர் பவுலும் தன் உடம்பில் முள்ளாய்க் குத்திய வேதனையை எடுக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலோடு எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சபையார் "என்ன உதவி வேணும்" என்று கேட்டால் "ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி வேதம் சொன்னால், பாரம் எது என்று நாம்தானே காட்ட வேண்டும்? "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் இவரு கூட இருங்க அக்கா, நான் ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னால் நன்றி சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமைக்கு அவரையும் கேளுங்கள்.