ஈவல் மலையேற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள வடக்கு யூயிஸ்ட் தீவின் மிக உயரமான மலையான ஈவல், 347 மீட்டர்தான். ஸ்கை தீவின் கூலின் மலைகளை நாடிச் செல்லும் கூட்டத்தை இங்கே காண முடியாது. இந்த உயரத்தை மட்டும் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி இறங்கிவிடலாம் என்று எண்ணுவதே முதல் தவறு. ஏரிகளும் கடற்கழிகளும் மலையைச் சூழ்ந்து கிடப்பதால், லோக் யூபோர்ட் சாலை முடியும் இடத்திலிருந்து நீரோரமாகச் சுற்றிப் போய்வர நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, ஓதக் கணக்கில், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரக் கணக்கில் நேர்வது. லோக் ஓபிசரி என்னும் உப்புக் கலந்த ஏரி கடலோடு சேரும் வாயை, வரிசையாகக் கிடக்கும் கற்களின்மேல் கால் வைத்துத்தான் கடக்க வேண்டும். கடல் ஏறும்போது அந்தக் கற்கள் மூழ்கக்கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் இன்னும் உயரும். தாழ் ஓத நேரத்தை விசாரித்து, சரியாக அந்த வேளையில் கற்களைக் கடந்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்தான் என்பதால், நான்கு மணி நேரம் கழித்து இறங்கி வரும்போது கடல் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறியிருக்கும். எனவே, தாழ் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போகும் வழியில் கற்களைக் கடந்துவிடுவதுதான் சரியான கணக்கு. ஓத அட்டவணை கிரீன்விச் நேரத்தில் அச்சாகியிருந்தால், கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

காலணியிலும் கவனம் வேண்டும். ஏரிக்கரை நெடுகிலும் மட்கிய கரிமண் சதுப்பு. புல் மூடிய இடம் கெட்டியான தரைபோலத் தெரியும், காலை ஊன்றினால் கணுக்காலுக்கு மேல் கறுப்புச் சேறு ஏறிவிடும். நகரத்து விளையாட்டுக் காலணி இதற்குத் தாங்காது.

கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்புவதும் தவறு. மூடுபனி இறங்கிவிட்டால், நூற்றுக்கணக்கான ஏரிகள் சிதறிய இந்நிலத்தில் எந்தக் கரையும் மற்றொன்றைப் போலவே இருக்கும். காகித வரைபடமும் திசைகாட்டியும் இருந்தால்தான், உச்சியிலிருந்து வடகிழக்குச் சரிவைப் பிடித்து இறங்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும், திரும்பும்போது கற்கள் மூழ்கியிருந்தால் நீரில் இறங்கித் துணிச்சல் காட்ட வேண்டாம். குறுகிய அந்த வாயில் நீரோட்டம் வேகமானது. கடற்பாசி படிந்த கல் வழுக்கும். கரையில் காற்று மறைவான இடம் பார்த்து, கூடுதல் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தால், சில மணி நேரத்தில் கற்கள் மறுபடி தலைகாட்டும்.