ஈஎன்31 புஷ்ஷுக்கு ஹார்டனிங்: நான் தடுக்கி விழுந்த இடம்

பேரிங் ஸ்டீலைப் பட்டறைகளில் ஈஎன்31 என்போம். அமெரிக்கப் பெயர் 52100. கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் ஒன்றரை. கடையில் வரும் தடி மென்மையானது. புஷ்ஷை (தண்டு உள்ளே சுழலும் குழல்) லேத்தில் கடைந்து அப்படியே மாட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் சூடேற்றி, எண்ணெயில் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குகிறோம். அதுதான் ஹார்டனிங்.

முதலில், புஷ்ஷைக் கடையும்போதே கிரைண்டிங்குக்கு ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். காரணம் கீழே.

அடுத்து உலை. 840 டிகிரி செல்சியஸ், புஷ் முழுக்கச் சூடேறிய பிறகு இருபது நிமிடம். கார்பனில் ஒரு பகுதிதான் கரைய வேண்டும். கரையாத கார்பைடு (கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினமான சேர்மம்) துகள்கள்தான் தேய்மானத்தைத் தாங்கும். அப்புறம் 50 டிகிரி வெதுவெதுப்பான குவென்ச்சிங் எண்ணெயில் (சூடான எஃகைக் குளிர்விக்கும் எண்ணெய்) போட்டு ஆட்டிக்கொண்டே இருங்கள். பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். புகை, தீ, இரண்டும் நான் பார்த்தாயிற்று.

என் முதல் புஷ் ராக்வெல் சி-யில் (கடினத்தை அளக்கும் அளவுகோல்) 52-தான் காட்டியது. சூடு போதவில்லை என்று நினைத்து அடுத்ததை 920-க்கு ஏற்றினேன். மேல்தோல் அப்போதும் மென்மைதான்; போதாததற்கு விரிசல் வேறு. சூடு கூடினால் எஃகின் உள்ளே இருக்கும் படிக மணிகள் பருத்து உடையும் குணம் வருகிறது. ஆஸ்டினைட் (சூட்டில் உண்டாகி, குளிரும்போது கடினமான அமைப்பாக மாற வேண்டியது) மாறாமல் அதிகம் தங்கி, பின்னால் அளவு மாறும். உண்மையான கோளாறு வேறு. உலைக்காற்று மேல்தோலின் கார்பனை எரித்திருந்தது. அந்த முதல் புஷ்ஷையே 0.3 மி.மீ. கிரைண்ட் செய்து பார்த்தேன்: 64! இப்போதெல்லாம் இரும்புப் பெட்டியில் வார்ப்பிரும்புச் சீவல் நிரப்பி, அதற்குள் புதைத்துத்தான் சூடேற்றுகிறேன்.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உடனே டெம்பரிங், அதாவது உடையும் குணம் குறைய மிதமாக மறுபடி சூடேற்றுவது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் தானாகவே விரிசல் விடலாம். 170 டிகிரி, இரண்டு மணி நேரம்: 60-62 நிற்கும், உடையும் பயமும் குறையும். அடி வாங்கும் பாகமென்றால் 230 வரை போகலாம். கடினம் 58 பக்கம் இறங்கும், தேய்மானம் கொஞ்சம் கூடும். சும்மா சுழலும் புஷ்ஷுக்கு 170-தான் என் கட்சி.

பின்சேர்க்கை: காந்தம் ஒட்டாமல் போனதும் எண்ணெயில் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 770 டிகிரிக்குள்ளேயே காந்தம் விட்டுவிடும். அதற்கு மேல் 70 டிகிரி ஏற வேண்டும், அதைக் காந்தம் சொல்லாது. ஒரு தெர்மோகப்பிள் (உலைச் சூட்டை அளக்கும் கருவி) வாங்கிவிடுங்கள்.