பன்னீர் ரோஜாவில் கரும்புள்ளி: நான் சரிசெய்த விதம்

ஐப்பசி அடைமழை விட்டதும் மாடிக்குப் போனேன். பன்னீர் ரோஜாவின் அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கின. ஓர் இலையை உற்றுப் பார்த்தேன். மேல்பக்கம் மிளகு அளவில் கறுப்புப் புள்ளிகள். ஓரமெல்லாம் காகிதத்தில் மை ஊறினாற்போல் பிசிறு. லேசாகத் தொட்டதுமே உதிர்ந்தது.

சத்துக் குறைவென்று நினைத்து உரம் வைத்தேன், பலனில்லை. இது டிப்ளோகார்பன் ரோசே என்ற பூஞ்சையின் வேலை. இலை 7 மணி நேரம்போல ஈரமாக இருந்தாலே தொற்றிவிடும். மழை போக, நானும் சாயங்காலம் பைப் வைத்துத் தலையோடு தண்ணீர் அடித்து வந்தேன். விடியும்வரை எப்படிக் காயும்?

புள்ளி விழுந்த இலைகளையும் தொட்டிக்குள் கிடந்த சருகையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். உரத்தொட்டியில் போடவே போடாதீர்கள், பூஞ்சை அந்தச் சருகில்தான் தங்கியிருக்கும். காய்ந்த நுனிகளைப் பச்சைத்தண்டு தெரியும்வரை வெட்டினேன். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டேன். பிறகு மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், 10 நாள் இடைவெளியில் மூன்று முறை, கையுறையும் முகக்கவசமும் போட்டு இலையின் அடிப்பக்கமும் நனைய அடித்தேன். நெருக்கியடித்திருந்த தொட்டிகளை ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

பழைய இலையில் விழுந்த புள்ளி மறையாது, அதற்காக மருந்தைக் கூட்ட வேண்டாம். புதுத் தளிரைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை அடித்த வாரம் செம்பு நிறத்தில் ஐந்தாறு தளிர் வந்தது, ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. அவ்வளவு சந்தோஷம்! இப்போது காலையில் மட்டும், வேரடியில் மட்டும் தண்ணீர்.