கடைசி வரியில் மட்டும் காணாமல் போன 0

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு, தினசரிக் குலை எடையைக் காட்டும் சின்ன நிரலை பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். மழையால் வெட்டு இல்லாத நாளுக்கு கிராணி (தோட்ட எழுத்தர்) கோப்பில் 0 போடுவார். அன்று திரையில் "பதியவில்லை" என்று வரும். மறுநாள் அவர் அடுத்த வரியைச் சேர்த்ததும், அதே மழை நாள் ஒழுங்காக 0 காட்டும்!

கிராணி ஐயா கோப்பைத் திறந்தே காட்டினார், 0 இருந்தது. பிரவுசர் கேஷை அழித்தேன், நேர மண்டலத்தை மாற்றினேன். மூன்று நாள் போனது.

அப்புறம், மாறிக்குள் இருப்பதை நீளத்தோடு காட்டும் வார்_டம்ப் போட்டேன். பழைய வரிகளின் 0க்கு நீளம் 2, கடைசி வரியின் 0க்கு 1. விஷயம் இதுதான்: கோப்பை வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸ், வரி முறிவையும் சேர்த்தே படிக்கும், கோப்பின் கடைசி வரியில் அது இல்லை. என் நிரல் இஃப் நிபந்தனையில் வெறும் மாறியை வைத்து, அது பொய் என்றால் "பதியவில்லை" காட்டும். பிஎச்பியில் "0" என்ற சரம் (எழுத்துத் தொடர்) பொய். வரி முறிவு ஒட்டிய 0 மெய். "00", "0.0" கூட மெய்தான்.

முதலில், ஓரங்களில் உள்ள இடைவெளியையும் வரி முறிவையும் நீக்கும் ட்ரிம் மட்டும் போட்டேன். எல்லா மழை நாளும் "பதியவில்லை" ஆகிவிட்டது. சரி என்று, இஃப்புக்குள் வெறும் மாறியை வைப்பதை விட்டு, ட்ரிம் செய்த மதிப்பை மூன்று சமக்குறி போட்டு வெற்றுச் சரத்தோடு ஒப்பிட்டேன்; வெற்றாக இருந்தால் மட்டும் "பதியவில்லை". நேற்றும் நல்ல மழை. சாயங்காலம் திரையில் 0 கிலோ என்று வந்தது, நிம்மதி.