மங்கும் நானும்: என் அனுபவம்

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் என் கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் படர்ந்த மங்கு என்னும் கருந்திட்டுகளை, கம்பத்தில் ஒரு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு மூன்றே வாரத்தில் வெளுக்க வைத்ததால், ஓராண்டு அதையே நம்பிப் பூசினேன். நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது. கன்னத்தில் மெல்லிய இரத்த நாளங்கள் சிலந்தி நூலைப் போலத் தெரிந்தன. மங்கோ முன்னிலும் கருத்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தோல் மருத்துவர்தான் டியூபில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். மருத்துவரைக் கேளாமல் அத்தகைய களிம்பை யாரும் தொட வேண்டாம்.

எரிச்சல் அடங்கிய பிறகு இரவில் கருமையைக் குறைக்கும் அசெலாயிக் அமிலக் களிம்பும், பகலில் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீனும் எழுதித் தந்தார். புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்குத் திட்டுகளைக் கருக்க வைப்பதால், வெள்ளைச் சன்ஸ்கிரீன் மட்டும் போதாதாம். ஏலக்காய் தரம் பிரிக்கக் குமுளிக்கு ஜீப்பில் போகையில் ஓரத்து இருக்கையைத் தவிர்த்தேன்; வெளியில் நிற்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசினேன். எலுமிச்சைச் சாறு தேய்ப்பதையும் விட்டேன்.

நான்காம் மாதத்தில் மூக்கு தெளிந்தது. கன்னத்தில் மெல்லிய நிழல் இன்னும் உண்டு. வெயில் பட்டால் திரும்பிவிடும் என்பதால், மழை மூடிய நாளிலும் சன்ஸ்கிரீனை நான் விடுவதில்லை.