கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் விழுகிறது: பேக்கப் ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெர்மினலில் ஓட்டினால் பேக்கப் ஸ்கிரிப்ட் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. சரி என்று, லினக்ஸில் குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் அட்டவணையான கிரான்டேபில் ஒரு வரி போட்டு, அதிகாலை 2:30 என்று நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போகிறோம். காலையில் பார்த்தால் ஃபோல்டர் காலி. மறுபடி கையால் ஓட்டினால் ஓடுகிறது! உடனே ஸ்கிரிப்டைத் திறந்து எதையாவது மாற்றத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. கையால் ஓடும் ஸ்கிரிப்டில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. அது ஓடும் சூழல்தான் மாறியிருக்கிறது. என்ன மாறியது என்பதை கிரானே சொல்லியிருக்கும், நாம்தான் கேட்க ஏற்பாடு செய்யவில்லை.

கிரான் ஓட்டும் கட்டளை எதையாவது அச்சிட்டால், அதை அந்த யூசருக்கு மெயிலாக அனுப்புவது கிரானின் பழைய வழக்கம். இன்றைய உபுண்டு, டெபியன் சர்வர்கள் பலவற்றில் மெயில் அனுப்பும் மென்பொருளே இருப்பதில்லை. அப்போது சிஸ்லாக் என்ற சிஸ்டம் பதிவேட்டில் 'நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்' என்று ஒரு வரி விழும். அதாவது உங்கள் பிழைச் செய்தி வந்தது, அனுப்ப வழியில்லை, தூக்கி எறிந்தாயிற்று. அதனால் கிரான்டேப் வரியின் கடைசியில் ஒரு லாக் கோப்பின் பெயரைக் கொடுத்து, வெளியீடும் பிழையும் அதில் சேரும்படி செய்வதுதான் முதல் வேலை. வரிசை முக்கியம்: முதலில் >> போட்டு லாக் கோப்பின் முழு முகவரி, அதற்குப் பிறகு 2>&1. இதைத் திருப்பிப் போட்டால் பிழைச் செய்திகள் கோப்புக்குப் போகாமல் பழையபடி மெயில் பக்கமே போய்விடும்.

சிஸ்லாகில் உங்கள் கட்டளை அந்த நேரத்தில் பதிவாகியிருப்பதைப் பார்த்து 'ஓடிவிட்டது' என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்த வரிக்கு கிரான் கட்டளையைத் தொடங்கியது என்று மட்டுமே பொருள். எப்படி முடிந்தது என்பது அதில் இருக்காது.

லாகில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் 'நாட் ஃபவுண்ட்'. நாம் லாகின் செய்யும்போது நமது ஷெல் (நாம் தரும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) பல அமைப்புக் கோப்புகளைப் படித்து, எந்தெந்த ஃபோல்டரில் கட்டளைகளைத் தேட வேண்டும் என்ற பாத் பட்டியலைத் தயார் செய்துவிடுகிறது. கிரான் அந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. டெபியன் வகை கணினிகளில் பொதுவாக யூஎஸ்ஆர் பின், பின் என்ற இரண்டு ஃபோல்டர்கள்தான் அதற்குத் தெரியும். ராத்திரி ஷிப்டுக்கு வந்த புது ஆளிடம் எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருமே சொல்லாத நிலைமை. யூஎஸ்ஆர் லோக்கல் பின்னில் நீங்கள் தனியாக நிறுவிய பேக்கப் கருவியோ, ஹோமுக்குள் இருக்கும் பைதான் சூழலோ அதன் கண்ணுக்குப் படாது. ஸ்கிரிப்டின் தலையில் பாத் மாறியை நீங்களே முழுதாக எழுதிவிடுங்கள், அல்லது ஒவ்வொரு கட்டளைக்கும் முழு முகவரி கொடுங்கள். இதற்காக பாஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியை ஸ்கிரிப்டுக்குள் இழுத்துவரச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. உபுண்டுவின் பாஷ்ஆர்சி, எதிரில் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்யவில்லை என்று தெரிந்தால் முதல் சில வரிகளிலேயே திரும்பிவிடும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே நீங்கள் சேர்த்த வரிகள் கிரானில் ஓடவே ஓடாது.

ஷெல்லும் மாறுகிறது. கிரான் உங்கள் வரியை எஸ்ஹெச் என்ற ஷெல்லிடம் கொடுக்கிறது. உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே எஸ்ஹெச் என்றால் டாஷ், பாஷ் அல்ல. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் வேண்டும் என்று எழுதியிருந்தாலும், கிரான்டேபில் 'எஸ்ஹெச்' என்று போட்டு அதன் பின்னால் ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால் அந்த முதல் வரி வெறும் கமென்ட் ஆகிவிடும். [[ ]] போட்டு எழுதிய சோதனைகள் டாஷுக்குப் புரியாது. புரியாததும் நின்றுவிட்டால் நல்லது, நிற்பதில்லை. [[ என்ற பெயரில் ஒரு கட்டளையைத் தேடி, இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறது. 'டிஸ்க் நிறைந்துவிட்டால் நிறுத்து' என்று நீங்கள் எழுதிய காவல் ஒருநாளும் வேலை செய்யாது.

சதவீதக் குறி கொஞ்சம் விசித்திரமானது. பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க $(date +%F) என்று கிரான்டேப் வரியிலேயே எழுதுவது பலருக்கு வழக்கம். டெர்மினலில் அதே வரி ஒழுங்காக ஓடும். கிரான்டேபில் மட்டும் % குறிக்குத் தனி அர்த்தம் உண்டு: முதல் % வந்த இடத்தோடு கட்டளை முடிந்தது, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் அந்தக் கட்டளைக்கு ஊட்டப்படும் உள்ளீடு. ஆக ஷெல்லின் கைக்கு வருவது அடைப்புக்குறி மூடப்படாத பாதி வரி. அது இலக்கணப் பிழை என்று சொல்லிச் செத்துப்போகும். \% என்று எழுதினால் சரியாகிவிடும். அதைவிட, தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டு, கிரான்டேபில் ஸ்கிரிப்டின் முகவரியை மட்டும் எழுதுவது நிம்மதி.

சார்பு முகவரிகள், அதாவது இப்போது நிற்கும் ஃபோல்டரை வைத்துச் சொல்லும் முகவரிகள், ஆபத்து. கிரான் வேலையைத் தொடங்குவது அந்த யூசரின் ஹோம் ஃபோல்டரில்தான், ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தில் அல்ல. கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழையோடு போனால் பரவாயில்லை. பழைய பேக்கப்களைக் கழிக்கும் வரிதான் பயம். சிடி கட்டளையால் பேக்கப் ஃபோல்டருக்குப் போய்விட்டு, 'இங்கே 7 நாளுக்கு மேற்பட்டதையெல்லாம் அழி' என்று ஃபைண்ட் கட்டளை எழுதியிருப்பார்கள். வெளி டிஸ்க் கழன்று கிடந்த இரவில் சிடி தோற்கும், ஸ்கிரிப்ட் இருந்த இடத்திலேயே நிற்கும், அந்த இடம் ஹோம் ஃபோல்டர். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. சிடி வரியின் பின்னால் || போட்டு, தோற்றால் வெளியேறு என்று எழுதுங்கள். அழிக்கும் கட்டளைக்குப் புள்ளியைக் கொடுக்காமல் முழு முகவரியைக் கொடுங்கள். அந்த நாளின் பேக்கப் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்த பிறகே பழையதைக் கழியுங்கள்.

வெளி டிஸ்கில் இன்னொரு வம்பும் உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாத, அதாவது ஃபோல்டரோடு இணைக்கப்படாத, நிலையிலும் அந்த ஃபோல்டர் காலியாக அங்கே இருக்கலாம். ஸ்கிரிப்ட் எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராக ஓடினால் தயக்கமே இல்லாமல் அதற்குள் எழுதும். நிரம்புவது சர்வரின் சொந்த டிஸ்க். மவுண்ட்பாயின்ட் என்றே ஒரு கட்டளை இருக்கிறது, எழுதும் முன் அதைக் கேட்டுவிடலாம். டெஸ்க்டாப் லினக்ஸில் நீங்கள் லாகின் செய்த பிறகுதான் யூஎஸ்பி டிஸ்க் தானாக மவுண்ட் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து 'பெர்மிஷன் டினைடு'. இதைக் கண்டதும் 777 கொடுப்பது ஒரு தேசிய வழக்கமாகவே ஆகிவிட்டது. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள ஸ்கிரிப்டை சர்வரில் உள்ள எல்லோரும் படிக்கவும் திருத்தவும் திறந்துவிடுகிறோம், பல நேரம் பிரச்சினையும் தீர்வதில்லை. முதலில் கேட்க வேண்டியது: இது யாருடைய கிரான்டேப்? ரூட்டாக ஓட்டும் சூடோ கட்டளையைப் போட்டுத் திறந்தால் ரூட்டின் கிரான்டேப், போடாமல் திறந்தால் உங்களுடையது. இரண்டும் வேறு வேறு கோப்புகள், ஹோமைக் குறிக்கும் ~ குறியும் இரண்டிலும் வேறு இடத்தைக் காட்டும். அடிக்கடி நடப்பது இது: சோதிக்கும்போது சூடோ மூலம் ரூட்டாக மாறி ஒருமுறை ஓட்டியிருப்பீர்கள். லாக் கோப்பு ரூட்டின் பெயரில் உருவாகியிருக்கும். இரவில் சாதாரண யூசராக கிரான் வரும்போது அந்த லாகில் எழுத முடியாது. லாகைத் திறக்க முடியாவிட்டால் ஷெல் கட்டளையைத் தொடங்கவே தொடங்காது. லாகிலும் ஒன்றும் இருக்காது, பேக்கப்பும் இருக்காது. கோப்பின் உரிமையாளரை மாற்றினால் போதும்.

பாஸ்வேர்ட் கேட்கும் எந்தக் கட்டளையும் கிரானில் வேலைக்கு ஆகாது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. மைஎஸ்க்யூஎல் என்றால் பாஸ்வேர்டை ஹோமில் உள்ள, பெயர் புள்ளியில் தொடங்கும் .மை.சிஎன்எஃப் (.my.cnf) கோப்பில் வைத்து, அதற்கு உரிமையாளர் மட்டும் படித்து எழுதும் 600 அனுமதி கொடுக்கலாம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் வேறு சர்வருக்கு அனுப்புகிறவர்கள் மாட்டுவது, பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியில். பகலில் நீங்கள் அந்தச் சாவியின் பாஸ்ஃப்ரேஸை ஒருமுறை கொடுத்ததும் ஏஜென்ட் என்ற நிரல் சாவியை நினைவில் வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் நடத்தித் தருகிறது. கிரானுக்கு அந்த ஏஜென்ட்டின் விலாசம் தெரியாது. பேக்கப்புக்கென்று பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனிச் சாவி ஒன்று செய்து, பெறும் சர்வரில் அந்தச் சாவியால் இந்த ஒரு வேலையை மட்டும் செய்ய முடியும்படி கட்டிப்போடுவதே முறை. எந்த யூசராக கிரான் ஓடுமோ, அந்த யூசராக ஒருமுறை கையால் இணைந்து, எதிர் சர்வரின் அடையாளத்தை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இல்லாவிட்டால் 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு' என்று நிற்கும்.

சில சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். டெபியன், உபுண்டுவில் கிரான்.டெய்லி ஃபோல்டருக்குள் போடும் ஸ்கிரிப்டின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது, பேக்கப்.எஸ்ஹெச் என்று பெயர் வைத்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கிரான்.டி ஃபோல்டரில் உள்ள கோப்புகளில் நேரத்துக்குப் பின் யூசர் பெயர் வர வேண்டும். உங்கள் சொந்த கிரான்டேபில் வரக் கூடாது. விண்டோஸ் நோட்பேடில் எழுதி ஏற்றிய ஸ்கிரிப்டின் வரி முடிவுகளில் ^M ஒட்டிக்கொண்டு வந்து 'பேட் இன்டர்பிரட்டர்' என்று விழலாம். கிளவுட் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும்: நம் நேரம் 2:30 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 9 மணி. ஞாயிறு அதிகாலை பேக்கப் வேண்டுமென்றால் கிரான்டேபில் சனிக்கிழமையைக் குறிக்க வேண்டும். இரவில் அணைத்துவைக்கும் கணினியில் கிரான் தவறவிட்ட வேலையைத் திரும்பச் செய்யாது. அதற்கு அனாக்ரான் இருக்கிறது, சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பு இருக்கிறது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்காரர்களுக்கு: ஒருவர் லாகின் செய்யும்போது இணைத்த இசட் டிரைவ், லாகின் இல்லாமல் ஓடும் வேலைக்குத் தெரியாது, \\ என்று தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரி கொடுங்கள். லேப்டாப் பேட்டரியில் இருந்தால் வேலையைத் தொடங்காதே என்ற டிக் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

இதுவரை சொன்னவற்றில் பேக்கப் வரவில்லை என்பதாவது தெரிகிறது. வந்ததுபோல் தோற்றம் காட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பின் வெளியீட்டை, ஒரு கட்டளையை அடுத்ததோடு இணைக்கும் பைப் வழியாக, சுருக்கும் கருவியான ஜிசிப்புக்கு அனுப்பும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். டம்ப் தோற்றுப்போனாலும் ஜிசிப் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது: ஒன்றுமில்லாததைச் சுருக்கி 20 பைட் கோப்பாக வைக்கிறது. பைப்பின் முடிவு கடைசிக் கட்டளையின் முடிவுதான் என்பதால் ஷெல்லுக்கு எல்லாம் வெற்றி. கோப்பும் இருக்கிறது, தேதியும் சரி. ஜிசிப்பின் சோதனை ஆப்ஷனில் கொடுத்துப் பார்த்தால்கூட நல்ல கோப்பு என்றே சொல்லும், ஏனென்றால் அது முறையான காலிக் கோப்பு. பாஷில், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் அமைப்பைப் போடுவது கட்டாயம். டம்ப் முழுதாக முடிந்தால் மைஎஸ்க்யூஎல் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதும். அந்த வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்த்துவிட்டு, அதன் பிறகே தற்காலிகப் பெயரிலிருந்து உண்மையான பெயருக்கு மாற்றட்டும்.

இது சின்ன ஆபீஸ்களின் பிரச்சினை மட்டும் அல்ல. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப்.காமில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பை எடுக்கப் போனால் ஒன்றுமில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க, தானாக ஓடிய பேக்கப் 9.2 பதிப்பின் டம்ப் கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் விழுந்துகொண்டிருந்தது. கிரான் பிழை மெயில்களை அனுப்பத்தான் செய்தது. அந்த மெயில்களுக்கு டிமார்க் (அனுப்பியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறை) இயக்கப்படாததால் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) இருந்ததால் மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அந்த நிறுவனமே நடந்ததை ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டதால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

ஆக, 'தோற்றால் மெயில் வரும்' என்ற ஏற்பாட்டை மட்டும் நம்பக் கூடாது. மெயில் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்றும் அர்த்தமாகலாம், மெயிலே செத்துவிட்டது என்றும் அர்த்தமாகலாம். அதைத் திருப்பிப் போடுங்கள்: பேக்கப் வெற்றியாக முடிந்ததும் ஸ்கிரிப்டின் கடைசி வரி வெளியில் உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ஒரு குரல் கொடுக்கட்டும். குறித்த நேரத்தில் குரல் வராவிட்டால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும்.

எல்லாம் திருத்திய பிறகு உங்கள் டெர்மினலில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அங்கே முன்பும் ஓடத்தானே செய்தது. என்வ் கட்டளையில் மைனஸ் ஐ ஆப்ஷன் போட்டால் சூழல் மாறிகள் எதுவும் இல்லாத வெறுமையில் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் கிரான்டேபில் நேரத்தை இன்னும் மூன்று நிமிடத்துக்குப் பிறகு என்று மாற்றி, லாகைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். வந்த கோப்பை வேறொரு காலி டேட்டாபேஸில் ஏற்றி, நேற்று கடைசியாகப் போட்ட பதிவு அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் நேரத்தை மறுபடி 2:30க்கு மாற்றலாம்.